போகிறவர்களும் கூடு கட்டுகிறவர்களும்: மாசி, பங்குனியில் நீலகிரித் தோட்டத்துப் பறவைகள்

மாசி பிறந்து உறைபனி விலகத் தொடங்கியதும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும்: "தோட்டத்துல புதுசா ஏதோ குருவி வந்திருக்கு." பெரும்பாலும் எதுவும் புதிதாக வந்திருக்காது. புரட்டாசி, ஐப்பசியிலிருந்தே அங்கே இருந்த பறவையாகத்தான் இருக்கும். மார்கழிக் குளிரில் இறகை உப்பிக்கொண்டு புதருக்குள் ஒதுங்கியிருந்தது இப்போது வெளியே வந்து பாடுகிறது, சண்டை போடுகிறது. இல்லையென்றால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது.

வசந்தகாலப் பறவைகளைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதியவை. அங்கே வசந்தம் என்றால் வரவு. குளிருக்குத் தெற்கே போன பறவைகள் திரும்பி வரும் காலம். பறவைகள் குளிருக்குப் போகும் தெற்குகளில் நம் மலையும் ஒன்று. அதனால் நமக்கு அது வழியனுப்பும் காலம். அதே வாரங்களில்தான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பறவைகள் கூடு கட்டவும் ஆரம்பிக்கின்றன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, கிளம்புகிறவர்களும் குடும்பம் தொடங்குகிறவர்களும் ஒரே பேரிக்காய் மரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பறவை பார்க்கப் பழகுகிறவருக்கு இந்தப் பருவத்தில் வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான். ஆகவே நிறத்தை ஆராய்வதற்கு முன் கேட்க வேண்டியது: இது உள்ளூரா, வெளியூரா? வாயில் நார் இருக்கிறதா, ஜோடியாகத் திரிகிறதா, உச்சிக்கிளையில் உட்கார்ந்து நெடுநேரம் பாடுகிறதா என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 20 நிமிடம். லண்டனில் அது 8 மணி நேரத்தைத் தாண்டும். இவ்வளவு சின்ன மாற்றம் பறவைக்குத் தெரியுமா என்ற சந்தேகம் நியாயமானது. பனாமாக் காட்டில் வாழும் ஒரு பறவையை வைத்துச் செய்து 1998ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பகல் வெறும் 17 நிமிடம் நீண்டதற்கே அந்தப் பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. வெப்பமண்டலப் பறவைக்கும் நாள்கணக்கு தெரிகிறது என்று அர்த்தம்.

நம் மலையில் அதோடு பூவும் புழுவும் சேர்ந்துகொள்கின்றன. மார்கழி, தை இரவுகளில் பள்ளத்துப் புல்லில் உறைபனி படியும்போது பூச்சி குறைவு. மாசியில் இரவுக்குளிர் தணிகிறது. தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவக்கிறது. பேரியும் பிளம்ஸும் வெள்ளையாகப் பூக்கின்றன. அவற்றின் பின்னாலேயே சில்வர் ஓக். ஏப்ரல், மேயில் கோடை மழை, ஜூனில் தென்மேற்குப் பருவமழை. நடுவட்டம், கூடலூர்ச் சரிவுகளில் அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு, அதற்குள் ஒரு ஈடு குஞ்சையாவது பறக்கவிட்டுவிட வேண்டும் என்று பறவைகள் அவசரப்படுவது புரியும்.

வெளியூர்ப் பறவையின் கணக்கு வேறு. காஷ்மீரிலும் இமயமலைச் சரிவுகளிலும் பனி உருகிப் பூச்சி கிளம்ப ஏப்ரல், மே ஆகிவிடும். முந்திப் போனால் பட்டினி. பிந்திப் போனால் கூடு கட்ட நல்ல இடமெல்லாம் கைமாறியிருக்கும். அதுவரை இங்கே தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. மார்ச்சில் உங்கள் தோட்டத்தில் ஒரு சின்னப் பறவை காலையிலிருந்து மாலை வரை தலை நிமிராமல் இலை இலையாகப் பூச்சி தேடிக்கொண்டிருந்தால், அது வழிச்சாப்பாடு சேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? சின்னானிலிருந்து. கொண்டைக்குருவி என்றாலும் தெரியும். மலையில் வீட்டைச் சுற்றி அதிகம் கண்ணில் படுவது செம்மீசைச் சின்னான்: நிமிர்ந்த கருப்புக் கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல், வாலுக்கடியிலும் சிவப்பு. மேரக்காய்ப் பந்தல், ரோஜாச் செடி, திண்ணையில் தொங்கும் பூந்தொட்டி என்று எங்கும் கூடு கட்டிவிடும். வழக்கமாக 2 அல்லது 3 முட்டை. சுமார் 12 நாளில் பொரித்து, அதற்கடுத்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். மார்ச் கடைசியில் "கொண்டை இருக்கு, ஆனா சிவப்பே இல்ல, வாலடி மட்டும் ஆரஞ்சு மாதிரி" என்று யாராவது புதுப் பறவை கண்டுபிடித்தால், அது இந்தக் குஞ்சுதான். மீசைச் சிவப்பு வளர வளர வரும்.

சின்னானை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதி உண்டு. அது நல்ல அளவுகோல். தெரியாத பறவையைப் பார்த்ததும் சின்னானைவிடப் பெரிதா, சிறிதா என்று மனத்தில் குறித்துக்கொண்டால் தேட வேண்டியவற்றில் முக்கால்வாசி கழிந்துவிடும். நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும், அளவு மாறாது. நம் மலை மூடுபனியில் நீலமும் கருப்பும் ஒன்றாகிவிடும் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீலம் என்றதும் ஈப்பிடிப்பான்களுக்கு வந்தாக வேண்டும். இந்தப் பருவத்தின் ருசியே அவற்றில்தான் இருக்கிறது. வீட்டை ஒட்டிச் சோலைத் துண்டு ஒன்றோ பழைய பெரிய மரங்களோ இருந்தால் நீலகிரி ஈப்பிடிப்பான் நிச்சயம் வரும். கருநீல உடம்பு, நெற்றியில் மட்டும் சற்றுப் பளிச்சென்ற நீலம், வயிறு சாம்பலோடிய வெளுப்பு. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதை 1840ல் அறிவியலுக்கு விவரித்தவர் ஜெர்டன். ராணுவ மருத்துவராக வந்து இந்த மலையின் பறவைகளில் மூழ்கிப்போன மனிதர் அவர். பிப்ரவரி, மார்ச்சில் இது ஜோடி சேர்ந்து, மண்சரிவிலோ பொந்திலோ பாசியை வைத்துக் கூடு கட்டத் தொடங்கும்.

அதே மரத்தின் உச்சியில், அதே வாரத்தில், இன்னொரு நீலப் பறவையும் உட்கார்ந்திருக்கும். அது இமயமலைப் பக்கத்திலிருந்து குளிருக்கு வந்த நீலமேனி ஈப்பிடிப்பான். இரண்டையும் பிரித்தறிவது ஆரம்பத்தில் பலருக்கும் வராது. நீலமேனியின் உடம்பு முழுக்க மயில்துத்த நிறம், பச்சை கலந்த வெளிர்நீலம். அந்த வெளிறிய முகத்தில் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கருப்புத் திட்டு தெளிவாகத் தெரியும். நீலகிரிக்காரருக்கு முகமே இருட்டு, அதனால் அந்தத் திட்டு எடுத்துக் காட்டாது. பறக்கும்போதோ வாலை விரிக்கும்போதோ வாலின் அடியில் இருபுறமும் சிறு வெள்ளை தெரிந்தால் நீலகிரி ஈப்பிடிப்பான். நீலமேனிக்கு அது கிடையாது. உட்காரும் இடமும் உதவும். நீலமேனி வெட்டவெளியில், உயரக் கிளை நுனியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும். நீலகிரிக்காரர் அநேகமாக மர நிழலை விடமாட்டார். ஏப்ரல் நடுவுக்கு மேல் உங்கள் தோட்டத்தில் நீலமாக ஒன்று பாடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், உள்ளூர்தான்.

அப்புறம் காஷ்மீர் ஈப்பிடிப்பான். இதைப் பார்க்க வெளியூரிலிருந்து கேமராவும் கையுமாக ஆட்கள் ஊட்டிக்கும் குன்னூருக்கும் வருகிறார்கள். இங்கே இருக்கிற பலருக்கோ அது வேலியோரத்தில் வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் ஒரு பொடிக்குருவி. காஷ்மீரிலும் அதைச் சுற்றிய இமயமலைப் பகுதியிலும் மட்டுமே இனம் பெருக்குகிறது. குளிருக்கு இலங்கை மலைகளுக்கும் நீலகிரி உள்ளிட்ட மேற்குத்தொடர்ச்சி மலைகளுக்கும் வருகிறது. உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று பட்டியலிடப்பட்டது. ஆணின் தொண்டையும் மார்பும் ஆழ்ந்த செம்பழுப்பு, அந்தச் சிவப்பின் ஓரத்தில் கருப்புக் கரை. அந்தக் கரைதான் முக்கியம். அதன் உறவான செம்மார்பு ஈப்பிடிப்பானுக்குக் கரை இருக்காது, சிவப்பும் வெளிறியிருக்கும். பெண்ணை அடையாளம் காண்பது கடினம். அதில் யாரும் வீறாப்புக் காட்டாமல் "காஷ்மீர் ஈப்பிடிப்பானாக இருக்கலாம்" என்று எழுதி வைப்பது நல்லது. மார்ச் முடியும்போது கிளம்பிவிடும். ஆகவே இதற்கு மாசியே சரியான நேரம். தேயிலைத் தோட்ட ஓரம், மரநிழல் விழும் பழைய பங்களாத் தோட்டம், சோலை விளிம்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். தாழ உட்காரும், அடிக்கடி தரைக்கு இறங்கும்.

இலைக்கதிர்குருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. பச்சையும் சாம்பலுமாக, கண்ணுக்கு மேல் வெளிர்க்கோட்டோடு, ஒரு நொடி நிற்காமல் இலைகளுக்குள் துள்ளும் இந்தப் பொடிகளில் குளிர்காலத்தில் பல வகை நம் மலையில் இருக்கும். அவற்றை நிறத்தால் பிரிக்க முயன்று மனமுடைந்தவர்கள் அதிகம். காதால் பிரிக்கலாம். பச்சை இலைக்கதிர்குருவி "சிஸ்லீ" என்று கீச்சிடும். பேரலகு இலைக்கதிர்குருவி இரண்டு சுரமாகச் சீட்டியடிக்கும், இரண்டாவது சுரம் மேலே ஏறும். குளிர்காலத்திலும் இவை தங்களுக்கென்று ஒரு மரம், ஒரு புதர் என்று எல்லை வைத்துக்கொண்டு, அதைக் காக்கத்தான் இப்படி விடாமல் கூவுகின்றன. வெளியூர்க்காரர் சண்டை போடமாட்டார் என்று நினைத்துவிட வேண்டாம்.

வாலாட்டியும் அப்படித்தான். வாசலிலும் ஓடைக்கரையிலும் ஈரமான ரோட்டோரத்திலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும், வயிறு மஞ்சளான கரும்சாம்பல் வாலாட்டி குளிர்கால விருந்தாளிகளில் முதலில் வந்து சேர்வது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பழக்கமும் அதற்கு உண்டு. மார்கழியில் பார்த்தபோது தொண்டை வெள்ளையாக இருந்திருக்கும். மார்ச்சில் அதே வாசலில் கருந்தொண்டையோடு ஒன்று நிற்கும். அது வேறு பறவையல்ல, கிளம்புவதற்கு முன் கல்யாண உடை போட்டுக்கொண்ட ஆண். உடை மாறும் நடுவாரங்களில் தொண்டை திட்டுத்திட்டாக இருக்கும். படம் பார்த்து அடையாளம் சொல்கிறவர்கள் தடுமாறுவது அப்போதுதான். தாழ்வான சரிவுகளில், காப்பித் தோட்ட நிழலில், வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் ஒரு வாலாட்டியைக் கண்டால் அது காட்டு வாலாட்டி. வாலாட்டிகளில் வாலை அப்படி ஆட்டுவது அது ஒன்றுதான்.

காரின் பக்கக் கண்ணாடியை ஏதோ குருவி கொத்திக்கொண்டே இருக்கிறது என்ற புகாரும் இந்தப் பருவத்தில் வழக்கமாக வரும். சகுனம் பார்க்கிறவர்களும் உண்டு. விஷயம் எளிது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று பிம்பத்தோடு சண்டை. கரும்சாம்பல் வாலாட்டி, புதர்ச்சிட்டு, சின்னான் எல்லாம் இதைச் செய்யும். கண்ணாடியில் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டால் எதிரி மறைந்துவிடுவான். பறவைக்கும் நிம்மதி, காரிலும் எச்சம் விழாது.

புதர்ச்சிட்டு என்றேன். மலை வீட்டுக்காரர்கள் தினமும் பார்த்தும் பெயர் கேட்காமல் விட்ட பறவை இதுதான் என்று நினைக்கிறேன். தேயிலைச் செடியின் தலையிலும் வேலிக்கல்லிலும் கேரட் வயலின் வரப்புக் குச்சியிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், சின்னானைவிடச் சிறிய பறவை. ஆண் முழுக்கக் கருப்பு. இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு, முதுகுக்கடியிலும் வாலடியிலும் வெள்ளை. பெண் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் செம்பழுப்பு. ஜோடியாகப் பார்க்காதவர்கள் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்வார்கள். தென்னிந்திய மலைகளில் உள்ள கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டின் துணையினத்துக்கு அறிவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. பிப்ரவரியில் கூடு கட்டத் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் இனப்பெருக்கம், அதன் உச்சம் மார்ச்சில்.

அதனால் பங்குனியில் இதைக் கவனிப்பது லாபம். ஆண் வாலை விரித்து, தோள் இறகைப் புடைத்து, படபடவென்று பறந்து காட்டும். பெண் மண்சரிவிலும் கல்சுவரிலும் உள்ள பொந்துகளில் ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களைப் போல, ஒன்றுக்கும் சரி என்று சொல்லாமல் அடுத்ததற்குப் போகும். கடைசியில் பிடித்த பொந்தில் புல்லும் முடியும் பரப்பி 2 முதல் 5 முட்டை வரை இடும். அடைகாப்பது பெரும்பாலும் பெண்தான், 12, 13 நாள். புதர்ச்சிட்டு உங்களைப் பார்த்து "சக், சக்" என்று விடாமல் அதட்டிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவினால், நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடு இருக்கிறது. நகர்ந்துவிடுங்கள். தடுப்புச் சுவர்களை முழுக்க சிமென்ட் பூசி அடைக்கிறபோது இந்தப் பறவைக்கு வீடு போய்விடுகிறது. பழைய கல்கட்டுச் சுவர்களில் பாசியும் பொந்துமாக இருப்பதை அசிங்கம் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் எப்போது வந்ததோ.

தாழ்வாரத்தில் மண்கூடு இருந்தால் அது மலைத் தகைவிலானுடையது. நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு, முதுகு நீலக்கருப்பு. அதோடு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வேறு தகைவிலான்கள் குளிருக்கு வந்தவை. அவற்றின் தொண்டைச் சிவப்புக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று மார்பைக் குறுக்காகக் கடந்து போகும். உள்ளூர்க்காரருக்கு அந்தப் பட்டை கிடையாது. வால் நீளத்தை நம்ப வேண்டாம். விருந்தாளிகளுக்கு இந்த மாதங்களில் வாலிறகு பாதி வளர்ந்த நிலையில் இருக்கும். மண்கூடு விழுந்து அழுக்காகிறது என்று குச்சியால் தட்டிவிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: கூட்டுக்குக் கீழே ஒரு பலகையை ஆணியடித்து வையுங்கள், போதும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குச் சொல்லும் விளக்கத்துக்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் கூட அடங்கும்.

பூச்செடி நிறைய இருக்கிற வீடுகளில் தேன்சிட்டுகளுக்குக் குறைவிருக்காது. சமவெளியிலும் தாழ்ந்த சரிவிலும் பழகிய ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று. அதைவிடச் சிறிய, முதுகு குருதிச்சிவப்பான சிறிய தேன்சிட்டு இன்னொன்று. பின்னது இந்த மேற்கு மலைத்தொடருக்கே உரியது, பூ இருக்கிற இடம் பார்த்து மலையில் ஏறி இறங்கும். பெண்களைப் பிரிக்க ஒரு குறுக்குவழி: முதுகின் அடிப்பகுதி சிவந்திருந்தால் சிறிய தேன்சிட்டு. இனப்பெருக்கம் முடிந்ததும் இதன் ஆண் பளபளப்பை இழந்து மங்கிப்போகும். நிறம் திரும்பும்போது பாதி மங்கலும் பாதி மினுக்குமாகத் திரியும்.

தேன்சிட்டு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவது நீலகிரிப் பூக்கொத்தியை. கட்டைவிரல் நீளம்தான் உடம்பு, மண்நிறம், குட்டை வால், கருத்த அலகு. "டிக், டிக்" என்று கடிகாரச் சத்தம் போட்டுக்கொண்டு புல்லுருவிக் கொத்துகளுக்குள் புகுந்து புறப்படும். புல்லுருவிப் பழத்தின் விதை பிசின் மாதிரி ஒட்டும். பறவை அதைக் கிளையில் தேய்த்துத்தான் விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். சில புல்லுருவிகளின் மொட்டும் பழமும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதைப் பற்றி சூழலியலாளர் ப்ரியா டேவிதார் 1983ல் எழுதியிருக்கிறார். பழம் என்று நினைத்துப் பூக்கொத்தி மொட்டைப் பிதுக்க, பூ திறந்து மகரந்தம் அதன் தலையில் அப்பிக்கொள்ளும். பேரிக்காய் மரத்தில் புல்லுருவியைக் கண்டால் வெட்டுகிற விவசாயியைக் குறைசொல்ல முடியாது. தோட்டத்து மூலையில் பயனில்லாத மரம் ஒன்றில் ஒரு கொத்தை விட்டுவைத்தால் பூக்கொத்தியைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம்.

கரும்பூங்குருவியைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். ஆரஞ்சு அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், புகைக்கருப்பு உடம்பு. குளிர்காலம் முழுக்கச் சருகைக் கிளறிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டு, மார்ச்சில் விடியலிலும் அந்தியிலும் மர உச்சியில் ஏறிப் பாட ஆரம்பிக்கும். நம் மலைப் பாடகர்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். சீகாரப் பூங்குருவிக்கு வாக்களிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். குளிர்மாதங்களில் வடக்கேயிருந்து வந்து சேரும் இன்னொரு துணையினத்துக்குத் தலை மட்டும் தனியாகத் தொப்பி போட்டது போல் கருத்திருக்கும்.

கொடைக்கானலுக்குப் போனால்

நீலகிரியில் பழகிய கண்ணோடு பழனிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர், மரம், வீட்டுத் தோட்டம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பறவை மட்டும் ஆள் மாறியிருக்கும். இரண்டு மலைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கிறது. சமவெளியில் எங்கும் பறக்கிற பறவைக்கு அது ஒன்றுமில்லை. சோலையின் குளிர்ந்த இருட்டை விட்டு வெளியே வராத பறவைக்கு அது கடல். பல லட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்ததில் இருபக்கமும் தனித்தனி இனங்களாகிவிட்டன.

தோட்டத்துக்கு வருவதில் இதற்கு நல்ல உதாரணம் சிரிப்பான்கள். ஊட்டியில் கூட்டமாக வந்து, ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து உரக்கச் சிரிப்பது நீலகிரிச் சிரிப்பான்: மார்பும் வயிறும் செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் அகன்ற வெள்ளைப் புருவம். தவிட்டுப்பழம் பழுக்கிற காலத்தில் அந்தப் புதரை விடாது. உலகத்திலேயே நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. அருகிவரும் இனம். கொடைக்கானலில் அதே வேலையைச் செய்வது பழனிச் சிரிப்பான். அதன் மார்பு சாம்பல், மெல்லிய கீற்றுகளோடு. செம்மை வயிற்றில் மட்டும். அறிவியல் பெயரில் இருப்பது கொடைக்கானலில் பறவை சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயர், வைத்தவர் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு, ஆண்டு 1869. இரண்டையும் சேர்த்து இந்தச் சிரிப்பான்களுக்குத் தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி) வேண்டும் என்று ஆய்வாளர் வி.வி. ராபினும் கூட்டாளிகளும் 2017ல் மரபணுவை வைத்து நிறுவினார்கள். அதே கட்டுரையில் சோலைக்கிளிக்கும் (பெயரில்தான் கிளி, உண்மையில் சோலைக்குள் வாழும் சிறு பாட்டுப்பறவை) தனிப் பேரினம் கிடைத்தது. நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு, பழனிமலையில் இருக்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு இல்லை. ஆகவே கையிலிருக்கும் கையேடு 2017க்கு முந்தியது என்றால் பெயர்கள் பொருந்தாமல் போகும். பறவையைச் சந்தேகப்பட வேண்டாம்.

எப்போது, எதை வைத்து

விடியற்காலை 5 மணிக்கு எழுந்து நடுங்க வேண்டிய அவசியம் மலையில் இல்லை. சமவெளிக்காரர்கள் சொல்லும் நேரம் இங்கே அப்படியே செல்லாது. உறைபனி விழுந்த காலையில் வெயில் மரத்தைத் தொட்ட பிறகுதான் பூச்சி அசையும், பூச்சி அசைந்த பிறகுதான் பறவை வரும். கிழக்குப் பார்த்த சரிவில் முதல் வெயில் விழும் மரம் எது என்று பார்த்து, அதன் எதிரே காப்பியோடு உட்கார்ந்தால் போதும். வெள்ளைக்கண்ணிகளும் பட்டாணிக்குருவிகளும் இலைக்கதிர்குருவிகளும் கலந்து வரும் கூட்டம் ஒன்று அந்த மரத்தை அலசிவிட்டுப் போகும். பிப்ரவரி போகப் போக அந்தக் கூட்டம் மெலியும், ஏனென்றால் வெள்ளைக்கண்ணிகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து போய்விடும்.

இரட்டைக்குழல் தொலைநோக்கி வாங்குவதென்றால் 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் வாய் உள்ளது நம் மூடுபனிக்கும் சோலை இருட்டுக்கும் சரி. பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும். பறவைக்குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. அதைத் துப்புச் சொல்கிறவனாக வைத்துக்கொள்ளலாம், நீதிபதியாக்கக் கூடாது. கொடைக்கானலில் நீலகிரிச் சிரிப்பான் கேட்டதாக அது சொன்னால் நம்பிவிடாமல் இருக்கத்தான் மேலே அவ்வளவு எழுதினேன். குரலைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைப்பதை இந்த மாதங்களில் அடியோடு விட்டுவிட வேண்டும். கூடு காக்கிற ஆண், இல்லாத எதிரியைத் தேடி அலைந்து களைத்துப்போகும்.

அரிசியும் பிஸ்கட்டும் போடுவதைவிடத் தண்ணீர் வைப்பது மேல். மாசி, பங்குனி மலையில் வறண்ட காலம். ஓரம் சரிந்த மண்தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் மாற்றியது, பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில். தானியம் போட்டால் புறாவும் மைனாவும் வரும். தண்ணீருக்கு ஈப்பிடிப்பானும் வரும்.

1998ல் வட அமெரிக்காவில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியர்களும் கலந்துகொள்கிறார்கள். பிப்ரவரியில் 4 நாள், 15 நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டால் கூடப் போதும். யாரோ வேறு நாட்டுப் பருவத்துக்கு வைத்த தேதி, நம் மலைக்கு அருமையாகப் பொருந்துகிறது: வெளியூர்ப் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை, உள்ளூர்ப் பறவைகள் பாடத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்த 4 நாளோடு நோட்டை மூடிவிட்டால், போன தேதி யாருக்கும் தெரியாமல் போகும். ஒரு பறவை வந்த நாளைக் குறிப்பது சுலபம், கண்டதும் எழுதிவிடலாம். போன நாளை அப்படிக் குறிக்க முடியாது. இன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி என்று அன்றைக்குத் தெரியாதே. அதற்கு ஒரே வழி, பிப்ரவரியிலிருந்து வாசல் வாலாட்டியையோ வேலி ஈப்பிடிப்பானையோ பார்த்த ஒவ்வொரு நாளும் தினசரி காலண்டர் தாளில் ஒரு டிக் போட்டு, அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைப்பது. சித்திரை பிறந்து பத்து நாள் டிக் விழாமல் போனால், கடைசி டிக் உள்ள தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடலாம். அந்தத் தேதியை அடுத்த ஆண்டுத் தேதியோடும், கோத்தகிரியில் இருக்கிறவர் கொடைக்கானலில் இருக்கிறவருடைய தேதியோடும் வைத்துப் பார்க்கலாம்.